புள்ளி வைக்க இடம்

2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் எடுத்த படம் ஒன்றை நண்பர் கைப்பேசியில் காட்டினார். கூடாரங்கள், கொடிகள், மழையில் ஊறிய அட்டைகள். நடுவே தமிழில் ஒரு பதாகை. ஒற்று ஒன்றுகூடத் தப்பவில்லை. கொழும்பில் அரச அலுவலகப் பெயர்ப்பலகையிலேயே பிழையில்லாத தமிழைக் காண்பது அரிது. எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமல் கொதித்துப் போய்த் திரண்ட கூட்டத்தில், வல்லினம் மிகும் இடமறிந்து எழுதிய ஆள் யார்?

"எங்கட ஜிந்துப்பிட்டிப் பாஸ்தான்" என்றார் நண்பர். கொழும்பில் கைவேலை தெரிந்தவர் எல்லாரும் பாஸ்தான். மேசன் பாஸ், பைப் பாஸ். இவர் போர்ட் பாஸ்.

2023 ஜனவரியில் ஒரு காலை அவரைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஆறடி இடம். அதுதான் பட்டறை.

"வாங்க தம்பி. அந்த டின்ன நகத்திட்டு உக்காருங்க."

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினைந்து வயதில் கடைப் பையனாகக் கொழும்புக்கு வந்து, ஒரு சிங்கள பாஸிடம் எழுத்துப் பழகினார். சிங்களமும் தமிழும் ஒரே கையில் வரும். எனாமலில் எதை எவ்வளவு கலப்பது என்று கொஞ்ச நேரம் விளக்கினார். எனக்கு மண்டையில் ஏறவில்லை. அவர் மடியிலிருந்து எடுத்த நூல் மட்டும் ஏறியது.

சாதாரண நூல்தான். சோக்குப் பொடியில் புரட்டி, ஒரு முனையை என்னிடம் தந்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நடுவில் விரலால் சுண்டினார். பலகையில் மயிரிழைபோல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. சுண்டிச் சுண்டி ஒன்பது கோடுகள். ஒரு மொழிக்கு மூன்று.

"இங்கிலீஸ் எழுத்து பெட்டிக்குள்ள அடங்கிரும். சிங்களத்துக்கு மேலயும் கீழயும் பில்லம் வரும். தமிழுக்கு மேல புள்ளி, கொம்புச் சுழி, விசிறி. கீழ 'பு', 'சு', 'வு'க்கெல்லாம் கால் எறங்கும். எடம் விடாம நூல் போட்டா எது சாகும் சொல்லுங்க?"

"புள்ளி."

"அதான். 'மக்கள்' போயி 'மககள' ஆயிரும்."

1956இல் தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவந்த பண்டாரநாயக்கவின் சிலை அந்தக் காலிமுகத்திடலின் ஓரத்தில்தான் நிற்கிறது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்து தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் இருக்கும் அந்த 'உம்', பலகைக்கு வரும்போது எத்தனை அங்குலம் பெறுகிறது என்பதை இவருடைய நூல் சொல்லிவிடும்.

எரிச்சலோடு கேட்டேன், இத்தனை பிழை எங்கிருந்து வருகிறது என்று. கொந்தராத்துக்காரரிடமிருந்து. பலகை வேலையை ஒருவர் எடுப்பார், இன்னொருவருக்குக் கைமாற்றுவார், அவர் ஒரு டிஜிட்டல் கடையில் கொடுப்பார். அங்கே கணினிக்கு முன் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்துரு மாறினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும். அரவு வரவேண்டிய இடத்தில் 'ர' உட்காரும். பார்த்துச் சொல்ல ஒருவர் இல்லை. பணம் மட்டும் மூன்று கைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். எழுதத் தெரிந்தவன் மாடிப்படிக்குக் கீழே இருப்பான். ஒரு மொழியை அவமதிக்கச் சட்டமே வேண்டியதில்லை, குறைந்த விலைக் கேள்வி மனு போதும் என்று நான் பொரிந்து தள்ளினேன்.

பாஸ் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு வேறொன்று சொன்னார்.

"நான் சொந்தமா செஞ்ச மொத வேல என்னன்னு தெரியுமா? எழுதுறது இல்ல. அழிக்கிறது."

1983 ஜூலை. தமிழருக்கு எதிராகப் பொரளையில் தொடங்கிய தீ நகரெங்கும் பரவிக்கொண்டிருந்த காலை. தெரிந்த முதலாளி ஒருவர் ஓடிவந்து, கடைப் பலகையில் இருக்கும் தமிழை உடனே மறைக்கச் சொன்னார். ஏணியில் ஏறிக் கறுப்புப் பூசினார். கை நடுங்கியதில் பாதி சட்டையில் கொட்டியது. மத்தியானம் கடை எரிந்தது.

"அவங்க போர்டப் பாத்து வரல்ல தம்பி. வாக்காளர் லிஸ்ட்ட வச்சிக்கிட்டு வந்தாங்க."

2019 தேர்தலுக்குப் பிறகு இளைஞர்கள் சுவர் சுவராக மன்னர்களையும் படைவீரர்களையும் வரைந்தபோது, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவரும் இவர்தானாம். "பிள்ளைங்க கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன்." மூன்று வருடம் கழித்து அதே பிள்ளைகளில் இரண்டு பேர் வந்து, "பாஸ், தமிழ்லயும் வேணும்" என்றார்கள். அந்தக் குரலுக்காகத்தான் திடலுக்குப் போனதாகச் சொன்னார். மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து கஞ்சி கொடுத்தபோது போனாரா என்று கேட்டேன்.

"எழுதி மட்டும் குடுத்தேன். போகல்ல."

ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். 22ஆம் தேதி விடியற்காலையில் இராணுவம் திடலுக்குள் புகுந்தது. ஓகஸ்டில் கடைசிக் கூடாரங்களும் போயின. பிறகு சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடினார்கள். அந்த வேலையும் கொந்தராத்துதான். கைமாறிக் கைமாறி இவரிடம் வந்தது.

"எடுத்தீங்களா அண்ணே?"

"அரிசி வெல தெரியுமில்ல?"

அன்று பின்னேரம் அவர் வெள்ளையடித்த சுவரொன்றுக்குக் கூட்டிப் போனார். திடலிலிருந்து அதிகம் தூரமில்லாத பக்கத் தெரு. வெள்ளை, செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருந்தது. எனாமலுக்கு மேலே தண்ணீர்ப் பெயின்ட் பிடிக்காது, முதலில் கடதாசி போட்டு உரச வேண்டும் என்றார்.

"நீங்க உரசலியா?"

"உரசுறதுக்குக் கூலி சேக்கல்ல. அடிக்க மட்டுந்தான் குடுத்தான்."

செதில் விழுந்த இடத்தில் சிவப்பாக ஒரு 'ள்' முழுதாகத் தெரிந்தது. பெருமைப்படுவார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அதையே அளந்துகொண்டு நின்றார்.

"ச்சே, புள்ளி வலப்பக்கம் போயிருக்கு. இருட்டில எழுதினது. நூல் புடிக்க ஆளில்ல அன்னைக்கு."