ஊர் வாயும் ஆய்வுகூடமும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ்ஸிற் செல்லும்போது பத்திரிகை படிப்பது என் நெடுநாளைய வழக்கம். 2015 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு நாள், கொட்டதெனியாவவில் நிகழ்ந்த சிறுமியின் கொலை தொடர்பாக 17 வயது மாணவன் ஒருவன் கைது செய்யப்பட்டான் என்று படித்தேன். நெஞ்சு கொதித்தது. அக்கொதிப்போடே வகுப்பறையுட் புகுந்து, "கல்வி கற்றும் மிருகமானான் ஒருவன்" என்று பேசத் தொடங்கினேன்.

பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அவன்தான் செய்தான் என்று தெரியுமா?"

"நெருப்பில்லாமற் புகையுமா? இரு" என்று அதட்டினேன்.

சில தினங்களில் மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்தது. கிடைத்த தடயம் அம்மாணவனுடையதன்று. அவனைப் போலவே கைதான மற்றொருவருடையதுமன்று. இருவரும் விடுதலையாயினர். பின்னர் வேறொருவர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும் செய்தி வந்தது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை! பொருந்தியது அவருடைய சகோதரனுடையது. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அச்சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது.

உடன்பிறந்தோராயினும், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைத் தவிர, இருவருக்கு மரபணு முற்றும் ஒத்திராது. இவ்வேறுபாட்டைக் கொண்டு ஆளை அடையாளங் காணும் வழியை 1984 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் கண்டார். கொலை விசாரணையில் அம்முறை முதன்முதல் செய்த காரியம் யாது? குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞன் ஒருவனை விடுவித்ததே! உண்மைக் குற்றவாளி 1988 இல் தண்டனை பெற்றான்.

பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்கலாகாது என்பது எமது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. விஞ்ஞானம் பின்னர் காட்டிய அபாயத்தைச் சட்டம் முன்னரே அறிந்திருந்தது. அறியாதிருந்தவன் நானே.

மறுநாள் வகுப்பில் நின்று, "நான் சொன்னது பிழை" என்றேன். அம்மாணவன் தலைகுனிந்து, "பரவாயில்லை, சேர்" என்றான். ஆனால் கொட்டதெனியாவ மாணவனிடம் எவ்வாறு மன்னிப்புக் கேட்பேன்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பர். ஆய்வுகூடம் அவனைச் சிறையிலிருந்து மீட்டது; ஊர் வாயிலிருந்து மீட்க அதனால் இயலுமா? அவ்வாய்களுள் ஒன்று என்னுடையதன்றோ!

இன்று என் மகனுக்கும் அதே வயது. பத்திரிகையை விரிக்குந்தோறும் அப்பின்வரிசைக் கேள்வியே காதில் ஒலிக்கின்றது: அவன்தான் என்று தெரியுமா?