படுவான்கரைப் பாடகி

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். கடலோரமாக நீளும் கிழக்குக் கரை எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வயலும் குளமும் காடுமாகக் கிடக்கும் மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் படும் பக்கம். பட்டினமும் பெரியாஸ்பத்திரியும் கந்தோர்களும் எழுவான்கரைப் பக்கத்தில் இருக்கின்றன. அங்குள்ளவர்களுக்கு நெல்லும் தயிரும் வருவது படுவான்கரையிலிருந்து.

2024 மார்ச் 8 ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, நான் படுவான்கரைக்குப் போனேன். பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களின் விபரம் திரட்டுவது என் வேலை. பையில் ஒரு கட்டுப் படிவங்கள் இருந்தன. கணவர் இறந்தவரா, காணாமல் போனவரா, கைவிட்டுப் போனவரா? காணி உண்டா, கடன் உண்டா, மலசலகூடம் உண்டா? இரண்டு பக்கங்கள் நிறையக் கேள்விகள். கடைசியில் "வேறு திறமைகள்" என்று ஒரு சிறு கோடு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து பத்து வருடங்களாகின்றன. அந்தக் கோட்டை நான் ஒழுங்காக நிரப்பியதாக நினைவில்லை. "தையல்" என்றோ "இல்லை" என்றோ எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

குருக்கள்மடத்தில் காலை வேலையை முடித்துக்கொண்டு அம்பிலாந்துறைக்குப் பாதையில் ஏறினேன். வெளியூர்க்காரர் பாதை என்றால் றோட்டைத் தேடுவார்கள். இங்கே பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் கடந்தார்கள். 2014 இல்தான் அங்கே பாலம் திறக்கப்பட்டது. அன்று என்னோடு வந்தவர்களில் ஒரு கர்ப்பிணித் தாயும், தலைக்கு மேல் குடை பிடித்த ஒரு கிழவியும், ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒரு மீன் வியாபாரியும் இருந்தார்கள். இந்த வாவியில்தான் மீன்கள் பாடும் என்பார்கள். நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பார்களாம். நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அன்று மாலை வேறொரு பாட்டைக் கேட்டேன்.

அம்பிலாந்துறையிலிருந்து ஆட்டோவில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனேன். பெரும்போக அறுவடை முடிந்து, வயலெல்லாம் வைக்கோல் மணந்தது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரத்தின் பெயர் கிழக்கு மாகாணம் முழுதும் அறிந்த பெயர். ஆயினும் வெளியுலகம் இந்தப் பகுதியை அறிந்தது கோயிலால் அல்ல. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலையிலும் 1991 ஜூனில் மகிழடித்தீவிலும் நடந்த படுகொலைகளால்தான் அறிந்தது. பிறகு 2007 இல் ஷெல் அடிக்குள் படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்து, வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியது. அந்த வருடங்களை இங்குள்ள பெண்கள் பிள்ளைகளின் வயதைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். "மூத்தவன் பொறந்தது முதல் கலவரத்தில. சின்னவள் பெரியபிள்ளையானது ஓடின வருசம்."

நான் போன கிராமத்தின் பெயரை எழுதவில்லை. பாடியவர் வேண்டாமென்றார்.

பின்னேரம் மாதர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். விளக்கேற்றினார்கள், உரைகள் நடந்தன, சேமிப்புக் கணக்கு வாசிக்கப்பட்டது. பிள்ளைகள் நித்திரை தூங்கத் தொடங்கும் நேரத்தில் செயலாளர் எழுந்து, "இனிப் பாட்டக்கா" என்றார். உடனே முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. வெளியே பலாமரத்தடியில் நின்ற ஆண்களும் யன்னலருகே வந்தார்கள்.

பாட்டக்காவுக்கு அறுபத்தொரு வயது. காலையில் இடியப்பம் அவித்து விற்கிறார். மெலிந்த உடம்பு, கைத்தறிச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பேரன் ஒருவன் தொலைபேசியை ஸ்பீக்கரில் இணைத்து, பாட்டில்லாத வெறும் இசையைப் போட்டான். கரோக்கே என்கிறார்களே, அது. அந்த இசை தொடங்கியதும் இடியப்பம் விற்கும் மனுசி எங்கேயோ போய்விட்டார். 1960 களிலும் 1970 களிலும் சுசீலாவும் ஜானகியும் பாடிய சினிமாப் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்.ஆர். ஈஸ்வரியின் துள்ளல் பாட்டுக்கு அவர் குரலை வளைத்து ஒரு சிரிப்புச் சிரித்தபோது, சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதன் பிறகு எங்கள் நாட்டுப் பொப் பாடல்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் 1970 களில் பாடிப் பரப்பியவை. மனோகரனின் "சுராங்கனி" கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆடவைத்தது. அவர் 2018 இல் காலமானார். பைலா தாளத்தில் அமைந்த பாடல்கள் இவை. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்புப் பட்டினத்தில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களின் கலியாண வீடுகளில் வயலினோடு ஆடும் ஆட்டத்துக்கும் பைலாவுக்கும் உறவு உண்டு. அதனாலோ என்னவோ, அந்தத் தாளம் இங்குள்ள கால்களுக்கு அந்நியமில்லை. எழுபது வயதுப் பெண் ஒருவர் எழுந்து இரண்டு அடி ஆடிவிட்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து யாரோ குரவை இட்டார்கள். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் இடும் குரவை. அந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குக் கணவர் இல்லை. அவர்கள் இட்ட குரவை அது.

கூட்டம் கலைந்த பிறகு தேநீர்க் கோப்பையோடு அவரருகில் உட்கார்ந்தேன். இத்தனை பாடல்களையும் எப்படிப் பாடமாக்கினீர்கள் என்று கேட்டேன்.

"றேடியோதான் புள்ள. எங்களுக்கு வேற வாத்தியார் யாரு?"

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை அந்நாளில் தமிழ்நாட்டிலும் வீடு வீடாகக் கேட்டது. காலையில் பொங்கும் பூம்புனல். பிறகு பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள். 2012 இல் மறைந்த ராஜேஸ்வரி சண்முகத்தின் பெயரைச் சொல்லும்போது பாட்டக்காவின் முகம் மலர்ந்தது. "ஒரு பொம்புளை றேடியோவில இவ்வளவு வடிவாக் கதைக்கலாமெண்டு அவவக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டன்" என்றார். அயல்வீட்டு மாமாவிடம் ஒரு றேடியோ இருந்தது. பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள். கேட்ட பாட்டைக் கொப்பியில் எழுதுவார். விட்டுப்போன வரிக்கு அடுத்த முறை வரும்வரை காத்திருப்பார்.

1979 இல், பதினாறு வயதில், நேயர் விருப்பத்துக்கு ஒரு தபாலட்டை போட்டிருக்கிறார். பல வாரங்கள் கழித்து அவரது பெயரும் ஊரின் பெயரும் வாசிக்கப்பட்டன. வயலில் நின்றவர்கள் ஓடிவந்து சொன்னார்களாம்.

"எங்கட ஊர்ப்பேர் றேடியோவில வந்திச்சு, ஒரு பாட்டுக்காக. மறுகா எத்தினையோ தரம் வந்திச்சு புள்ள, இத்தினை பேர் செத்தாங்க எண்டுதான். பாட்டுக்காக வந்தது அந்த ஒருநாள்தான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் தேநீரை விழுங்க முடியவில்லை.

இதன் பிறகு நான் இரண்டு பிழைகள் செய்தேன். அவற்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாவது, அன்று தபாலட்டையில் கேட்ட பாட்டைப் பாடிக்காட்டச் சொன்னது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தப் பாட்டை 1984 இல் கலியாணம் முடித்த பிறகு கணவருக்காகத்தான் பாடுவாராம். கணவர் தச்சு வேலை செய்தவர். 1990 இல் ஒரு காலை, ஆணியும் சீவுளி அலகும் வாங்கவென்று வாவி கடந்து பட்டினத்துக்குப் போனார். திரும்பவில்லை. முகாம்கள், செஞ்சிலுவை, ஆணைக்குழுக்கள் எல்லா இடமும் ஏறி இறங்கியாயிற்று. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமல் போனவருக்கென்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள்; மரணச் சான்றிதழ் வேண்டாதவர்கள் அதைப் பெறலாம். பாட்டக்கா இரண்டையும் எடுக்கவில்லை. "அந்தப் பாட்டு அவருக்கு. அது மட்டும் பாட ஒண்ணா" என்றார்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. என் பயிற்சிகளில் கற்ற சொற்கள் வாயில் வந்துவிட்டன. "பாட்டக்கா, உங்கட பாட்டு இந்தப் பெண்களின் மனக்காயத்துக்கு நல்ல மருந்து. ஒரு திட்டமாக எழுதி, கிராமம் கிராமமாக ஆற்றுப்படுத்தல் நிகழ்ச்சி செய்வோமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கோபமான சிரிப்பல்ல, பிள்ளையின் பிழையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"மருந்தெண்டு சொல்லாதீங்க புள்ள. மருந்தெண்டா இவளுகள் எல்லாரும் நோயாளியள் எண்டாகிடும். இது மருந்தில்ல. யுத்தம் வாறதுக்கு முந்தி எங்கட கையில இருந்த சாமான். வீடு போச்சு, நகை போச்சு, ஆள் போச்சு. இத ஒருவனும் கொண்டுபோக ஏலல்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மண்டபத்தில் நான் பார்த்த முகங்களை நினைத்தேன். அரசாங்கத்தின் பதிவிலும் எங்கள் பதிவிலும் அவர்கள் விதவைகள், பயனாளிகள், பாதிக்கப்பட்டோர். பாட்டு நடந்த ஒன்றரை மணித்தியாலமும் அவர்கள் தாவணி போட்ட பெட்டைகள்; கொப்பியில் பாட்டெழுதியவர்கள்; தகப்பனுக்குத் தெரியாமல் வேலியோரம் நின்று அயல்வீட்டு றேடியோ கேட்டவர்கள். பழைய பாட்டு அழுகையை மறக்கச் செய்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது வேறொன்றைச் செய்கிறது. எங்களுக்கும் ஓர் இளமை இருந்தது, அது இழப்போடு தொடங்கவில்லை என்று சாட்சி சொல்கிறது.

இந்த மேடை அவருக்கு இலகுவில் கிடைக்கவில்லை. கணவர் போன பிறகு நீண்ட காலம் அவர் வாய் திறக்கவில்லை. திறந்தபோது, "ஆம்பிளை இல்லாதவளுக்குப் பாட்டு என்ன, பொட்டு என்ன" என்று பேச்சு வந்தது. கலியாண வீட்டில் சமையலுக்குக் கூப்பிட்டார்கள். சபையில் நிற்கக் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் மறைவுக்குள் இருந்து பாடச் சொன்னார்கள். மாட்டேன் என்று வந்துவிட்டார். முதலில் அவரை முன்னால் நிறுத்தியது இந்த மாதர் சங்கம்தான். அதன் பிறகு, யுத்தத்தில் கணவரை இழந்த ஒரு தாய் தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு அவரைப் பாடக் கேட்டார். "என்ர புள்ளைக்கு நானும் முன்னுக்கு நிப்பன், நீங்களும் முன்னுக்கு நிண்டு பாடுங்க" என்றாராம். சிலர் சாப்பிடாமல் போனார்கள். அடுத்த சடங்குக்கு அவர்களில் ஒருவரே வந்து அழைத்தார். இப்போது பாட்டுக்கு மூவாயிரம் ரூபா வாங்குகிறார். "சும்மா பாடினா சும்மாதானே நினைப்பாங்க" என்கிறார்.

இருட்டிவிட்டதால் கடைசிப் பாதையைத் தவறவிட்டேன். ஆட்டோ மண்முனைப் பாலத்தால் திரும்பியது. புறப்படுமுன் பாட்டக்காவின் படிவத்தை அவர் முன்னாலேயே நிரப்பினேன். கணவர் பற்றிய கேள்விக்கு அவர் சொன்னபடியே, "1990 இல் பட்டினம் போனவர், வரவில்லை" என்று எழுதினேன். "வேறு திறமைகள்" என்ற கோட்டில் "பாடகி" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். "கொஞ்சம் பெரிசா எழுதுங்க" என்றார். எழுதினேன்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு பாட்டக்கா இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். வீடு தேடி வரும் எங்களைப் போன்றவர்கள் இழந்ததைப் பற்றித்தான் முதலில் கேட்போம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், உரித்தானதைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு, நாங்கள் கேட்க மறந்தாலும், அந்தக் கடைசிக் கோட்டில் விரலை வைத்து, "இதையும் எழுதுங்க" என்று சொல்லுங்கள்.