ஒன்பது மணிக்கு மூடும் சாலை

துப்பறியும் கதை எழுத விரும்புகிறவர்கள் கொஞ்ச காலம் ஏதாவது ஆலையில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனதார நம்புகிறேன். நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் அந்த வேலையில் இருந்துகொண்டுதான் எழுத வந்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு லோடும் கேட் ரிஜிஸ்டர், எடைமேடைச் சீட்டு, இ-வே பில், ஸ்டோர்ஸ் கணக்கு என்று நாலு இடத்தில் தடம் பதிக்கும். ஓரிடத்தில் பொய் எழுதுவது சுலபம். நாலிலும் ஒரே பொய்யை எழுத நாலு பேர் கூட வேண்டும். அந்த நாலு பேரில் யாருக்கு முதலில் பயம் வரும்? என் கதைகள் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

பாய்லருக்கு உமிக்கட்டி கொண்டுவரும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும், கிளீனரும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். சரக்கை இறக்கியபின் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆளையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியை எடை போடுவார்கள். தண்ணீரும் கிளீனரும் உமிக்கட்டியாகக் கணக்கில் ஏறிவிடும். ரத்தம் சிந்தாத குற்றம். ஆனால் மாதக் கடைசியில் இருப்பு உதைக்கும்போது ஒரு மனிதரின் முகம் வெளுப்பதைப் பார்த்தவருக்குக் கொலைக்காட்சி எழுதுவதும் கைவரும்.

ரேமண்ட் சாண்ட்லரும் கணக்குப் பார்த்து வந்தவர்தான். லாஸ் ஏஞ்சலிஸின் டாப்னி எண்ணெய் நிறுவனத்தில் துணைத் தலைவர்வரை உயர்ந்தவர், 1932இல் வேலையை இழந்தார். பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பாடம். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் கதை ஒன்றிலிருந்து சம்பவங்களை மட்டும் குறித்துக்கொண்டு, முழுக்கத் தானே எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். உயரதிகாரியாக இருந்தவர் அப்படி மாணவனாக உட்கார்ந்தது பெரிய விஷயம். முதல் கதை 1933 டிசம்பரில் ‘பிளாக் மாஸ்க்’ இதழில் வந்தது. ‘தி பிக் ஸ்லீப்’ நாவல் 1939இல்.

அந்தப் பயிற்சியை நான் சுஜாதாவிடம் செய்கிறேன். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறுப்பான பதவியில் இருந்தபடியே எழுதியவர். 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடராக வந்தது. நான் ஒரு பக்கம் முழுக்க விளக்குவதை அவர் இரண்டு வரி உரையாடலில் தாண்டிவிடுவார். தொழில்நுட்பம் அத்தனை தெரிந்தவர், கதைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடச் சிந்தமாட்டார். ஒவ்வொரு முறை ஒப்பிடும்போதும் என் பிரதியில் முதலில் அடிபடுவது எடைமேடை விளக்கம்தான்.

இப்போது எழுதும் நாவலில், சுல்தான் பத்தேரியிலிருந்து நேர்வழியாக வந்ததாகச் சொல்லும் டிரைவர் ஒருவர் இருக்கிறார். கேட் ரிஜிஸ்டரில் அவர் வண்டி நுழைந்த நேரம் நள்ளிரவு 2 மணி. நஞ்சன்கூட்டுக்காரர் யாரும் இதை நம்பமாட்டார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை லாரிகளுக்கு மூடப்படுகிறது. ஒன்பதுக்கு முன்பே காட்டைக் கடந்திருந்தால் இடையில் அத்தனை நேரம் எங்கே இருந்தார்? கோணிக்கொப்பல் வழியாகச் சுற்றி வந்திருந்தால் டீசல் கணக்கு ஏன் ஒத்துப்போகிறது? முதல் கேள்விக்கு விடை எழுதிவிட்டேன். டீசல் ரசீது இன்னும் இடிக்கிறது. அதற்காக ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.