பயந்தாங்கொள்ளியின் ரெக்கவரி வண்டி

எங்கள் ஊர் டீக்கடையில் எனக்கு ஒரு பெயர் உண்டு: "எதுக்கும் அசராத ஆளு." தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் நடுராத்திரியில் போய்த் தூக்கி நிறுத்திவிட்டு, விடியற்காலையில் கிரீஸ் கையோடு டீ குடிக்க வருகிறவன் வேறு எப்படி இருப்பான் என்று அவர்களாக முடிவு செய்துகொண்டார்கள். நானும் மறுத்ததில்லை. உள்ளபடி சொன்னால் நான் பயந்த சுபாவக்காரன். வின்ச் கம்பி லோடு எடுத்து முனகும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அடிவயிறு கலங்கும். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிரேன் ஆப்பரேட்டர் அண்ணனிடம் கையாளாக இருந்தேன். அவர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் பள்ளத்தில் இறங்கிய மினி லாரியை இழுத்துக்கொண்டிருந்தோம். கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க நான் இறுகிய கம்பியைத் தாண்டிக் கால் வைக்கப்போனேன். வின்ச்சை நிறுத்திவிட்டு, "கம்பி லோடு எடுத்தப்பறம் அது கிட்ட உனக்கு என்னடா வேலை?" என்று கேட்டார். அவ்வளவுதான். திட்டவில்லை. சாயங்காலம் பட்டறையில் ஒரு பழைய இரும்புக் கதவைக் காட்டினார். நடுவில் ஒரு வெட்டு. அறுந்த கம்பி ஒன்று அடித்த அடி. அதன் பிறகுதான் எனக்குள் இந்தப் பயம் குடியேறியது, வாடகை கொடுக்காமல் இன்னும் இருக்கிறது.

கம்பி இறுகும்போது இழுக்கிற சக்தியில் ஒரு பங்கு அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. அறுந்தால் அந்தச் சக்தி இரண்டு முனைகளுக்கும் போகும். முனை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. புதிய 12 மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய 8 டன் வரை தாங்கிய பிறகே அறும். ஆனால் 8 டன் தாங்கும் கம்பியில் 8 டன் இழுப்பவன் இந்தத் தொழிலில் நீண்ட நாள் இருக்கமாட்டான். அதுவும் புதிய கம்பியின் கணக்கு. கல்லில் உரசி, டிரம்மில் நசுங்கி, ஒரு தடவை முறுக்கு விழுந்து நிமிர்த்தப்பட்ட கம்பியின் கணக்கு யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை கம்பி முழுவதையும் வெளியே இழுத்து, கனமான தோல் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு துணியைப் பிடித்தபடி மெதுவாகத் தடவிப் போவேன். எங்கே இழை உடைந்து நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே துணி மாட்டும். நான் ஒழுங்கானவன் என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். பயத்தில் செய்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இழுக்கும்போது கம்பியின் நடுவே ஈரச் சாக்கையோ பழைய தார்ப்பாயையோ போட்டுவிடுவேன். அறுந்தாலும் அந்தக் கனம் முனையைக் கீழே இழுக்கும், முகத்துக்கு வரும் வாய்ப்பு குறையும். டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்றாவது மிச்சம் வைப்பேன். இல்லையென்றால் கம்பியின் வேர் கழன்று வந்துவிடும். ஆனால் டிரம்மில் கம்பி அடுக்கடுக்காக நிறைந்திருந்தால் வின்ச்சின் இழுவை குறையும். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கு அடிச்சுற்றுக்குத்தான். அதனால் கனமான வேலை என்றால் வண்டியைத் தள்ளி நிறுத்திக் கம்பியை நீளமாக விடுவேன். அதில் எனக்கு இன்னொரு சௌகரியம்: நான் தூரமாக நிற்கலாம்.

கப்பி பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிக்கிய வண்டியில் கப்பியை மாட்டி, கம்பியின் முனையைத் திருப்பி நம் வண்டியிலேயே கட்டினால், 4 டன் வின்ச் 8 டன்னுக்குப் பக்கமாக இழுக்கும், வேகம் பாதியாகும். எல்லாருக்கும் இது தெரியும். அந்த 8 டன்னும் கப்பியை மாட்டிய ஒரே ஒரு ஷேக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருக்காது. திசை திருப்புவதற்காகப் புளியமரத்தில் கப்பி கட்டினாலும் இதே கதை. கம்பியைச் செங்கோணமாகத் திருப்பினால், 4 டன் இழுவைக்கு மரத்தின் மேல் ஐந்தரை டன்னுக்கு மேல் விழும். ஷேக்கிளில் அச்சடித்த எண் தேய்ந்து படிக்க முடியாமல் போய்விட்டால் நான் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன். தூக்கும் பெல்ட்டுகளை யாரோ ஒரு புண்ணியவான் நிறத்தால் பிரித்து வைத்திருக்கிறான்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. இருட்டில், மழையில், பயந்த மனுஷனுக்கு எண்ணைவிட நிறம் சீக்கிரம் புரியும்.

சேற்றில் இறங்கிய வண்டிக்கு எங்களிடம் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. டயர் அளவு புதைந்தால் வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும். மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு. பாடியே உட்கார்ந்துவிட்டால் மூன்று மடங்கு. 2018-இல் பத்துச் சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். முழு லோடோடு ஒன்று வயலில் இறங்கி மட்கார்டு வரை போயிருந்தால் 57 டன் கணக்கு வருகிறது. இதை மனசுக்குள் போட்டுப் பார்த்ததும் நான் சொல்லும் முதல் வார்த்தை: "லோடை இறக்குங்க." ஓனருக்குக் கோபம் வரும். லோடுமேன் கூலி, மாற்று வண்டி வாடகை, பார்ட்டிக்குப் போன் போட்டுச் சமாதானம். "போன வாரம் இன்னொருத்தர் லோடோடவே இழுத்துட்டாரே" என்பார். இழுத்திருப்பார்தான். நான் சிரித்துக்கொண்டே சாக்கைத் தேடப் போவேன். அப்படித் தேடுகிற சாக்கில்தான் பல வருஷமாக என் பயத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் வேலை அதிகமாக வருவது தொப்பூரில். முன்பு 7 என்று எண் இருந்து இப்போது 44 ஆகிவிட்ட தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது கணவாயில் சரசரவென்று இறங்குகிறது. வடக்கேயிருந்து நாள்கணக்கில் ஓட்டிவந்த டிரைவர், டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று கியரை நியூட்ரலில் போட்டுவிடுவார். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் சூடேறிப் புகை வரும். லைனிங் பிடிப்பதை விட்டுவிடும். அப்புறம் மிதித்து என்ன பயன்? முன்னால் போகிற கார்கள்தான் தடுப்பாகும். எத்தனை பலகை வைத்தாலும், மைக்கில் கத்தினாலும், அந்த நாலு லிட்டர் டீசல் ஆசை போகமாட்டேன் என்கிறது. டிரைவரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. டீசலுக்குக் கணக்குக் கேட்கும் ஓனர் கணவாயில் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

அந்த இறக்கத்தில் நான் ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து அடுத்தது அதே மாதிரி வரலாம். கம்பிக்கு அடுத்தபடி என் பயம் இதுதான். விபத்தான வண்டி எங்கேயும் ஓடிவிடாது, ஓடிவருவது பின்னால் வருகிற வண்டி. அதனால் வண்டியை நிறுத்தியதும் ஒரு பையனைக் கூம்புகளோடும் சிவப்பு விளக்கோடும் வளைவுக்கு மேலே அனுப்பிவிடுவேன். வளைவுக்குக் கீழே வைத்த கூம்பு யாருக்கும் உதவாது. நெம்புகோல்களை ரோட்டுப் பக்கம் நின்று இயக்குவதில்லை, ஓரப் பக்கமே. போலீஸ்காரர் சீக்கிரம் ரோட்டைத் திறக்கச் சொல்லி அவசரப்படுத்துவார். அவர் சொல்வதும் நியாயம்தான். ரோடு அடைத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் வால் நீண்டுகொண்டே போகும், வாலின் நுனியில் இன்னொரு மோதல் காத்திருக்கும்.

இந்தப் பயம் வெறும் கற்பனையில்லை. அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் சட்டனூகாவில் எங்கள் தொழிலுக்கென்று ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. 1916-இல் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரர் இழுவை வண்டியை உருவாக்கிய ஊர் அது. ஓடைக்குள் விழுந்த ஒரு காரைக் கயிறும் கட்டையும் ஆள்பலமும் வைத்து வெளியே எடுக்கப் பட்ட பாடுதான் அவரை யோசிக்க வைத்ததாம். அந்த அருங்காட்சியகத்தில் வேலையின்போது இறந்துபோன ரெக்கவரி ஆட்களின் பெயர்களைப் பொறித்த சுவர் ஒன்று உண்டு. படத்தில்தான் பார்த்தேன். அங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அசராத ஆட்களாக இருந்திருப்பார்கள் என்று யோசித்தது நினைவிருக்கிறது.

லாரிக்கு அடியில் படுப்பது தனிப் பயம். காற்றுப் பிரேக் வண்டியில் காற்று இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிடித்த சக்கரத்தோடு இழுக்க முடியாது. நம் வண்டியிலிருந்து குழாய் வழியாகக் காற்று கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அதற்கென்று உள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்கவேண்டும். சுருக்கிய நொடியில் அந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதன் பிரேக்கை நானே கழற்றுகிறேன் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும், நான்கு சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு ஐந்தாவதற்கும் கை போகும். அதோடு கேபின் ஸ்டீரிங்கைப் பிடிக்க ஆள், நம் வண்டியோடு டோ பார். என்ஜின் ஓடாத வண்டியின் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது என்பதால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டையும் கழற்றியாகவேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் போகும். "கட்டி இழுக்க ஒரு மணி நேரமா?" என்று கேட்காத டிரைவர் இல்லை.

கார் வேலை சுலபம். ஆட்டோமேட்டிக் என்றாலும், மின்சாரக் கார் என்றாலும், நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகும் வண்டி என்றாலும் தரையில் உருட்டக் கூடாது, பிளாட்பெட்டில் ஏற்றிவிடவேண்டும். அங்கே பயம் பணத்துக்குத்தான். பம்பரில் கீறல் விழுந்தால் அன்றைய வரும்படி போச்சு.

டேங்கர் என்றால் நான் போகவே மாட்டேன், அதாவது கிட்டே. பெட்ரோல் டேங்கரின் பின்னால் உள்ள பலகையில் 1203 என்று இருக்கும், சமையல் வாயு என்றால் 1075. அந்த எண்ணைப் படிக்கும் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, தீயணைப்பு வண்டியும் கம்பெனி ஆட்களும் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். இரும்புக் கொக்கி தார்ச்சாலையில் உரசினாலே பொறி வரும். 2012 ஆகஸ்டில் கண்ணூர் பக்கம் சாலாவில் கவிழ்ந்த எரிவாயு டேங்கர் இருபது உயிரைக் கொண்டுபோனது. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஒன்று கவிழ்ந்து வாயு கசிந்தபோது, சுற்றிலும் இருந்த பள்ளிகளை மூடினார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், மணிக்கணக்கில் பொறுத்து அதன் பிறகு கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது, இத்தனை பெரிய அதிகாரிகளும் என்னைப் போலவே பயந்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மழை இரவில் போன் அடித்தால் எனக்குள் முதலில் வருவது வருமானக் கணக்கு. அடுத்த நொடியில்தான் "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று வாய் கேட்கும். வாய் கேட்பதை முந்திக்கொள்ள மனசை இன்னும் பழக்க முடியவில்லை.

நடுவில் சில காலம் என்னிடம் ஒரு பையன் இருந்தான். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன். இறுகிய கம்பிக்குக் குறுக்கே நடப்பான், ஹைட்ரா கிரேன் தூக்கிய லோடுக்கு அடியில் குனிந்து ஷேக்கிளைத் தட்டுவான், கட்டை வைப்பதற்குள் லாரிக்கு அடியில் இருப்பான். வேலை பாதி நேரத்தில் முடியும். டிரைவர்கள் அவனைத்தான் கேட்பார்கள். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், "ஒண்ணும் ஆவாதுண்ணே" என்பான். கணக்கை முடித்து அனுப்பிவிட்டேன். அவனுடைய உயிருக்காக அனுப்பினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அவன் பக்கத்தில் நிற்கும்போது என் பயம் பளிச்சென்று தெரிந்தது, அது எனக்குப் பொறுக்கவில்லை என்பதும் பொய்யில்லை. இப்போது அவன் வேறொருவரிடம் வேலை செய்கிறான், சொந்த வண்டி வாங்கப்போவதாகக் கேள்வி. இன்றுவரை அவனுக்கு ஒரு கீறல் இல்லை. இதை வைத்து யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் வேலை செய்யும் இடத்தைத் தாண்டிப் போகும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டுப் போவேன்.

சமீபத்தில் கம்பிக்குப் பதிலாக வரும் செயற்கை இழைக் கயிற்றுக்கு விலை கேட்டேன். கையால் தூக்கிப்போகும் அளவு லேசு, கையைக் குத்தும் இழை கிடையாது, அறுந்தாலும் கம்பி அளவுக்கு வேகமாகத் திரும்பி அடிக்காது என்கிறார்கள். ஆனால் கூர்மையான விளிம்பில் உரசினால் வெட்டிக்கொள்ளும், சைலன்சர் சூடு பட்டால் உருகும். பயப்படுவதற்கு அதிலும் ஒரு பட்டியலைத் தயார் செய்துவிட்டேன். வண்டியில் பங்காளியாக இருக்கும் மைத்துனரிடம், வாங்கினாலும் இதே தூரத்தில் தள்ளி நின்றுதான் இழுப்பேன், மேலே சாக்கும் போடுவேன் என்றேன். "அப்பறம் எதுக்கு மாமா அவ்ளோ காசு?" என்று கேட்டார். இந்தத் தடவை புதுக் கம்பியே மாற்றியிருக்கிறோம்.