மீதியான துணிக்கைகள்



நம் சபை வாலிபர் ஒருவர் இசைத் தொகுப்புகளை ‘ஃபிளாக்’ என்னும் கோப்பு வடிவில் சேகரித்து வருகிறார். போடியிலிருந்து தேவாரம் வழியாகச் சென்றால் வரும் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் இசைத்தட்டுகளே அவற்றில் மிகுதி. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பைப் பொக்கிஷம்போல் வைத்திருக்கிறார். கொலம்பியப் பாடகி ஷகிரா 1995இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட தொகுப்பும் உண்டு. அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர், “அவங்க மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்குது ஐயா” என்கிறார்.

குறுந்தட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. எம்பி3 அதைச் சுருக்கும் விதம் சிந்திக்கத்தக்கது. உரத்த ஒலி எழும்போது அதனருகிலுள்ள மெல்லிய ஒலியை நம் செவி உணராது; உணராததைச் சுமப்பானேன் என்று அதை நீக்கிவிடுகிறது. 128 கிலோபிட் அளவில், மூலத்தின் பதினொன்றில் ஒரு பங்கே மிஞ்சும். 2001இல் வந்த ஃபிளாக்கோ துணியை மடிப்பதுபோல மடிக்கிறது. இடம் ஏறக்குறையப் பாதியாகும். விரித்தால் ஓர் இழையும் குறையாது. எம்பி3ஐப் பின்னர் ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமேயன்றி, நீங்கியது திரும்பாது. (எம்பி3ஐ நான் பழிக்கவில்லை. வெளியூரில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு ஆராதனைப் பாடல்கள் அதன் வழியாகவே சென்று சேருகின்றன.)

யாருக்கும் கேட்காது என்று தீர்மானித்து நீக்குவதுதான் என்னை உறுத்துகிறது. நம் ஊர் ஏலக்காய்க் கடைகளில் காயைச் சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைத் தனியே பிரிக்கிறார்கள். சிறு காயும் வெடித்த காயும்கூட அங்கே எறியப்படுவதில்லை. அவற்றுக்கும் ஒரு விலை உண்டு. யோவான் ஆறாம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேர் திருப்தியடைந்தபின், மீதியான துணிக்கைகளை வீணாகாதபடி சேர்க்கும்படி ஆண்டவர் கட்டளையிடுகிறார். பசியாறிய அக்கூட்டத்தில் ஒருவரும் அவற்றைத் தேடியிருக்கமாட்டார். இருப்பினும் பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன.

விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகளால் பாடற்பயிற்சிக்கு வர இயலுவதில்லை. ஞாயிறன்று கடைசி வரிசையில் நின்று பாடுவார்கள். அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய குரல் எதிலாவது இருக்குமா என்று மகன் கேட்டு வந்தார். கைப்பேசிகளில் கைமாறிய கிறிஸ்துமஸ் பதிவில் பாடற்குழுவின் குரல்களே கேட்டன. அந்த வாலிபரிடம் சுருக்கப்படாத மூலப்பதிவு இருந்தது. முற்றும் தெளிவாய்க் கேட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாம் சரணத்தில், மற்றவர்கள் முடித்தபின் ஒரு குரல் சற்றே பிந்தி வந்து முடிந்தது. மகன் செவிப்பொறியைக் கழற்றாமலே சொன்னார்: “அம்மா எப்பவும் இழுத்துத்தான் பாடும்.”

சபை அலுவலறையில் பழைய ஆராதனை ஒலிநாடாக்கள் இரண்டு பெட்டிகள் உள்ளன. அவற்றைச் சுருக்காமல் பதிவுசெய்யும் பணியை அவ்வாலிபர் தொடங்கியிருக்கிறார். உங்கள் இல்லங்களிலும் ஒலிநாடாக்கள் இருப்பின் ஞாயிறன்று கொண்டுவாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் துடைக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள். யார் யார் பாடியது என்று நினைவிருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி உடன் வையுங்கள். கடைசி வரிசையில் நின்றவர்களின் பெயர்களையும் சேர்த்து.