திருநீற்றால் துலக்கிய ரூபாய்கள்

தாத்தாவின் வெள்ளி ரூபாய்களை விற்க முடிவு செய்திருக்கிறேன் என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். உள்பெட்டிக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: எந்த நிறுவனத்திடம் தரச்சான்று வாங்கப்போகிறாய்? தனித்தனியே பதில் எழுதச் சோம்பல்பட்டு இங்கே விரிவாக எழுதுகிறேன். முடிவை மட்டும் அறிய விரும்புவோர் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடலாம். அங்கும் அவர்கள் எதிர்பார்க்கும் பதில் கிடைக்காது.

தாத்தா 1950களில் கும்பகோணத்திலிருந்து கல்கத்தா வந்தவர். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று இந்நகரத்து வணிக அலுவலகங்களை நிரப்பிய தமிழர் கூட்டத்தில் ஒருவர். குடியிருப்பு லேக் மார்க்கெட் பக்கம். சம்பளம் வாங்கிய மாலைகளில் சில சமயம் தலைமை அஞ்சலகத்தை ஒட்டிய நடைபாதையில் நின்று ஒரு பழைய ரூபாய் வாங்குவார். பெரிய சேகரிப்பாளர் அல்லர். மொத்தம் 23 ரூபாய்கள்: விக்டோரியா ஆறு, ஏழாம் எட்வர்டு ஐந்து, ஐந்தாம் ஜார்ஜ் எட்டு, ஆறாம் ஜார்ஜ் நான்கு. ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அவை ஒரு புகையிலை டப்பாவில் அவரோடு போயின. ஆய்வுக்காக நான் இந்நகரம் வந்த ஆண்டு, அப்பா அதே டப்பாவை என் பெட்டியில் வைத்தார். "அங்கே வாங்கினதுதானே, உனக்கு ஒரு அவசரம்னா உதவட்டும்" என்றார்.

அவசரம் வந்தது. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, ஆய்வேடு முடியவில்லை. இந்த வாக்கியத்தைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு நான் முதலில் சென்றது தாத்தா வாங்கிய அதே நடைபாதைப் பகுதிக்குத்தான். அங்கே கடை விரித்திருந்த முதியவர், நான் தாதா என்றே அழைக்கும் ஒருவர், துணியை விரித்து நாணயங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி வில்லையை எடுக்கக்கூட இல்லை. "யார் இவற்றைத் துலக்கியது?" என்று வங்காளத்தில் கேட்டார்.

பாட்டிதான். ஆண்டுதோறும் வரலட்சுமி நோன்புக்கு முந்தைய நாள், குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு என்று பிரித்துவைத்துக்கொண்டு உட்காருவாள். கலசத்தின் முன் தட்டில் ரூபாய்கள் நிலவுத்துண்டுகள்போல் கிடக்கும். முப்பது ஆண்டுகள், ஆண்டுக்கொருமுறை. நாணயவியலின் பார்வையில் முப்பது முறை கொலை.

காரணம் எளியது. அச்சு வெள்ளித்தகட்டை அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விடுகிறது. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம்போல் சுழல்வது அவ்வரிகளால்தான். திருநீறு மென்மையானதே, ஆனால் துகள். ஒவ்வொரு தேய்ப்பும் அந்த வரிகளை மழுக்கி, இடத்தில் மயிரிழைக் கீறல்களை வைத்துப்போகிறது. பளபளப்பு மிஞ்சும், ஒளியின் சுழற்சி மிஞ்சாது.

ஒரு நாணயம் மட்டும் தப்பியிருந்தது. 1911ஆம் ஆண்டு ரூபாய். அவ்வாண்டு ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில், அரசரின் மேலங்கியில் இருந்த யானையின் துதிக்கை மிகச் சிறிதாக அமைந்து, பார்ப்பவர்க்குப் பன்றியாகத் தோன்றிற்று. இசுலாமியர் மனம் புண்படும் என்ற எதிர்ப்பு எழுந்தது. வெளியேறாத நாணயங்கள் உருக்கப்பட்டன. 1912இல் துதிக்கையைத் தெளிவாக்கிப் புதிய அச்சு செய்தார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் அதைப் பன்றி ரூபாய் என்றே அழைக்கிறார்கள். தாத்தா இந்தக் கதையைப் பெருமையாகப் பாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும். விளைவு, அது பூசைத் தட்டுக்கு ஏறவில்லை. காகிதத்தில் சுற்றி டப்பாவின் அடியில் கிடந்தது. விளிம்பில் சாம்பல், அதற்குள் மங்கிய பொன், நடுவில் இளநீலம். வெள்ளி தானாகவே காலத்தோடு பேசிக்கொண்டதன் நிறங்கள். வராக அவதாரத்தை நினைத்து பாட்டி மனம் மாறியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

தாதா அதை மட்டும் சிறு தராசில் வைத்தார். முழு எடை 11.66 கிராம், இது மயிரிழை குறைவு, புழங்கிய தேய்மானம். தேதிக்கு அருகே புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். பம்பாய் சாலை புள்ளி வைக்கும், கல்கத்தா சாலை எதுவும் வைக்காது. புள்ளி இல்லை. இந்த நகரத்திலேயே, ஸ்டிராண்ட் சாலையில் கிரேக்கக் கோயில் முகப்போடு இன்று பாழடைந்து நிற்கும் அந்தப் பழைய சாலையில் அடிக்கப்பட்டது. "இதற்குச் சான்று வாங்கு" என்றார்.

இனி நிறுவனங்கள். உலகச் சந்தையில் இரண்டு பெயர்களே முன்னிற்கின்றன: 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். நாணயத்தை அனுப்பினால் ஒருவருக்கு மேற்பட்டோர் பார்த்து, 1 முதல் 70 வரை ஓர் எண் இட்டு, ஸ்லாப் எனப்படும் பிளாஸ்டிக் கூட்டில் முத்திரையிட்டுத் திருப்பியனுப்புவார்கள். கூட்டின் எண்ணை இணையத்தில் இட்டால் விவரம் வரும். அதே வகை நாணயம் எந்தத் தரத்தில் எத்தனை இதுவரை அவர்களிடம் வந்தது என்ற கணக்கும் வரும். முகம் தெரியாத இருவர் இணையத்தில் வாங்கி விற்கும்போது இது பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. இந்திய ரூபாய்களில் என் கண்ணில் பட்ட ஸ்லாப்களில் என்ஜிசியினவை அதிகம். ஆகவே என் மனமும் அப்பக்கமே சாய்ந்திருந்தது. துலக்கிய நாணயங்களுக்கு இரு நிறுவனங்களிலும் முழுமையான எண் கிடைக்காது. தேய்மான நிலையை மட்டும் சொல்லி, பக்கத்தில் 'கிளீன்ட்' என்று எழுதிவிடுவார்கள். பாட்டியின் முப்பது ஆண்டு உழைப்புக்கு ஒற்றைச் சொல்.

ஆய்வாளனின் நோயால் அந்த 70 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செப்புக்காசுகளுக்கு வகுத்த அளவுகோல் அது. தொழிலால் உளவியலாளர். மனித உடல்களையும் மூன்று வகையாகப் பிரித்து எண்ணிட்டவர். அதற்காகக் கல்லூரி மாணவர்களின் ஆடையற்ற படங்களைச் சேகரித்தவர். அவர் 1977இல் இறந்தபின் வெளிப்பட்ட செய்தி இன்னும் விசித்திரமானது: நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் தன் தாழ்ந்த காசுகளை வைத்திருக்கிறார். தரத்தின் நுட்பம் அறிந்தவனுக்கே அப்படி மாற்றிவைக்கத் தெரியும்.

பேஸ்பால் அட்டைகளின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. பிசிஜிஎஸ்ஸின் உடன்பிறப்பான பிஎஸ்ஏ 1991இல் அட்டைகளுக்குத் தரமிடத் தொடங்கியபோது முதலில் கூட்டுக்குள் வைத்தது ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் புகையிலை அட்டையை; ஏறத்தாழ என் பன்றி ரூபாயின் வயதுள்ளது. பத்துக்கு எட்டு என்று தரமிட்டார்கள். 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. விளிம்புகளை வெட்டிச் சீராக்கியது தானே என்று அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்குத் தர எண்ணே கிடையாது என்பது அந்த நிறுவனத்தின் விதி.

இவற்றையெல்லாம் படித்தபின்னும் நான் சான்று வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. என்னைத் தடுத்தது சட்டம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத வயதுள்ள நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்றாண்டு வரை நீளக்கூடிய சிறை. தரமிட்டுத் திரும்பத்தானே போகிறது என்ற வாதம் சுங்கத்தில் நிற்காது. நான் விசாரித்த வழிகள் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் கடல் கடந்தன. ஒரு கூரியர் முகவர் மிக இயல்பாக, "போலி நகை என்று எழுதிவிடலாம், எல்லாரும் அப்படித்தான்" என்றார். அன்றிரவு நான் உடனே மறுத்துவிட்டதாக எழுத ஆசை. உண்மையில் இரண்டு நாள் யோசித்தேன். வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது.

இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். என்னிடம் சட்டப்படி அனுப்பக்கூடியவை ஆறாம் ஜார்ஜ் நான்கு மட்டும். 1940களில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டபின் கோடிக்கணக்கில் அடித்தவை. கட்டணம், போக்குவரத்து, காப்பீடு மூன்றையும் கூட்டினால் நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும். சான்றுக்குத் தகுதியானது ஒன்றே, அது போகக்கூடாது.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். துலக்கிய வெள்ளிக்கு நிறம் ஏற்றும் வழிகள் இணையத்தில் நிறைய. அவித்த முட்டையை உடைத்து நாணயத்தோடு மூடிய டப்பாவில் வைத்தால், முட்டையின் கந்தகம் இரண்டொரு நாளில் வெள்ளியைப் பழுக்கவைக்கும். 1907ஆம் ஆண்டு எட்வர்டு ஒன்றை வைத்தேன். அழகான நிறம் வந்தது, நீலமும் பொன்னும். படமெடுத்து விற்பனைக் குறிப்பைக்கூட எழுதினேன். தாதாவிடம் காட்டியபோது இம்முறை வில்லையை எடுத்தார். பழைய நாணயத்தில் நிறத்தின் மேல் கீறல் இருக்கும், உன்னுடையதில் கீறலின் மேல் நிறம் இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தார். திட்டவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதனால்தான் வெட்கம் கூடிற்று. அந்த ரூபாய் இன்னும் என் மேசையில் இருக்கிறது; விற்கமாட்டேன்.

பன்றி ரூபாயை உள்நாட்டு ஏல நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவர்களுடைய வல்லுநர் பார்த்து, எடையும் விட்டமும் இரு பக்கப் படங்களும் சேர்த்து, எண் இல்லாமல் சொல்லால் தரம் எழுதுவார்கள். தொல்பொருளை வணிகமாக விற்க உரிமம் வேண்டும் என்பதால் அதுவே முறை என்றும் பட்டது. அமெரிக்கக் கூட்டில் இருந்தால் கிடைக்கக்கூடிய விலை கிடைக்காது. ஏலம் மார்கழியில்.

மீதி 21ஐயும் ஒரே தொகுதியாக, அதே உரிமம் உள்ள தாதாவின் பழைய கூட்டாளி ஒருவர் வழியாக இணையத்தில் வைத்தேன். குறிப்பில் முதல் வரியே 'அனைத்தும் பலமுறை துலக்கப்பட்டவை'. விலையை உலோகக் கணக்கில் வைத்தேன்: 1940க்கு முந்தைய 17இல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி, மற்ற நான்கில் அதைவிட மிகக் குறைவு. பத்து நாள் எவரும் கேட்கவில்லை. பதினோராம் நாள் சந்தன்நகரிலிருந்து ஒரு அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். கோஜாகரி லட்சுமி பூசை வருகிறது, மருமகள்கள் இருவருக்கும் லட்சுமியின் ஜாபியில் வைக்க வெள்ளி ரூபாய் வேண்டும் என்றார். நான் கடமையாக மறுபடி சொன்னேன்: மாஷிமா, இவை துலக்கியவை, சேகரிப்பவர்கள் வாங்கமாட்டார்கள்.

"துலக்காததை யார் அப்பா சாமிக்கு வைப்பார்கள்?" என்றார்.

பேரம் பேசவில்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் விளக்கொளியில் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பளபளப்பு எதனால் வந்தது, நாங்கள் பற்பொடிதான் போடுவோம் என்று கேட்டார். திருநீறு என்றால் அவருக்குப் புரியவில்லை. சாணத்தைச் சுட்ட சாம்பல் என்று விளக்கி, பையில் பாட்டி வைத்தனுப்பியிருந்த பொட்டலத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, கடைசி லோக்கலைப் பிடிக்க ஓடினேன்.