பானைக்குள் ஒரு அல்காரிதம்: ஐ.டி இளைஞர்களின் உத்திரமேரூர் சனிக்கிழமை

சனிக்கிழமை காலையில் ஜி.எஸ்.டி சாலையில், செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போகும் பைக்குகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஹெல்மெட்டில் கேமரா, ஹேண்டில்பாரில் போன் ஹோல்டர், முதுகில் லேப்டாப் பை. ஊர் சுற்றப் போகிறவருக்கு லேப்டாப் எதற்கு என்று கேட்டால், 'ஆன்-கால்' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். சர்வர் எந்த நேரத்தில் படுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? வேடந்தாங்கலில் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டால், மரத்தடியில் உட்கார்ந்து ஹாட்ஸ்பாட் போட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் மறுபடி பைனாகுலரைத் தொட முடியும்.

சிறுசேரி, நாவலூர், மகேந்திரா சிட்டி, கூடுவாஞ்சேரி என்று மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் அடர்ந்திருக்கும் பகுதிகளிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களில் உத்திரமேரூரும் ஒன்று. சென்னையிலிருந்து சுமார் 90 கி.மீ. புக்கத்துறை கூட்டுரோட்டில் திரும்பினால் நெடுஞ்சாலையின் இரைச்சல் விலகி, இருபக்கமும் வயலும் ஏரிக்கரையுமாக வழி மாறிவிடும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: போக வர 180 கி.மீ என்பதால் வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பஸ் போதும் என்பவர்கள் செங்கல்பட்டிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ ஏறிக்கொள்ளலாம்.

ஊருக்குள் முதலில் கண்ணில் படுவது சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்துக் கட்டுமானம். மூன்று நிலைகளில் மூன்று கருவறைகள். கீழே நின்ற கோலம், நடுவில் அமர்ந்த கோலம், மேலே பள்ளிகொண்ட கோலம். படியேறிப் போய் மூன்றையும் சேவிப்பது தனி அனுபவம். கைலாசநாதர் கோயிலும் பக்கத்தில்தான். ஆனால், மென்பொருள்காரர்கள் நெடுநேரம் நின்றுவிடுகிற இடம் வேறு. இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் கருங்கல் சுவர் முழுக்க எழுத்து.

'குடவோலை முறை' என்று பள்ளிப் பாடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்ததுதான் இது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று கி.பி 919, இன்னொன்று 921. பாடப்புத்தகம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகும் இந்த இரண்டு வருட இடைவெளிதான் ஐ.டிக்காரர்களுக்குச் சுவாரஸ்யம். 919-ல் போட்டியிட வயது 30 முதல் 60 வரை. 921-ல் அது 35 முதல் 70 வரை என்று மாறுகிறது. விதிகளும் விரிவாகின்றன. முதல் வெர்ஷனை ஓடவிட்டு, ஓட்டைகளைப் பார்த்து, இரண்டே வருடத்தில் அப்டேட் விட்டிருக்கிறது சபை. அதையும் பழையதை அழிக்காமல், கல்லிலேயே பக்கத்தில் வைத்திருக்கிறது!

நடைமுறையைப் படிப்படியாகப் பார்த்தால் இன்னும் வியப்பு. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது; இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைத் துண்டுகளில் எழுதி, குடும்பின் பெயரோடு கட்டாகக் கட்டி, 30 கட்டுகளையும் ஒரு பானையில் போடுவார்கள். சபை மொத்தமும் கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி பானையைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு பானையில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்து மத்தியஸ்தர் கையில் கொடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா? அவர் பெயரை வாசிப்பார். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் உறுதி.

குலுக்கல் இரண்டு முறை, எடுப்பவனுக்கு விவரம் தெரியாது, ஒருவர் படித்ததைப் பலரும் சரிபார்க்கிறார்கள். இதில் இன்றைய புரோகிராமருக்கு எதை விளக்க வேண்டும்? சட்டமன்றத் தேர்தலில் விவிபேட் இயந்திரம் ஏழு விநாடி சீட்டைக் காட்டிவிட்டு மறைத்துவிடுகிறது. இங்கே மண்டபமே சீட்டைப் படித்திருக்கிறது.

தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். ஏரி வாரியத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்திலேயே பேர்பெற்ற ஏரி. மதகும் கரையும் கெட்டால் ஊரே படுத்துவிடும். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று வருடங்களில் வாரியத்தில் இருந்தவர் பெயர் ஓலையில் வராது.

தகுதியின்மைப் பட்டியலைக் கேட்டால் இன்றைய அரசியல்வாதிகள் சிலர் தலைசுற்றி விழுவார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, சின்னம்மா பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன், மச்சான், மாமனார், மருமகன் என்று உறவுமுறை வரிசையாகப் போகிறது. பினாமிக்கு வழியே இல்லை.

இதைக் கேட்டதும் 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று ரீல்ஸ் போட்டுவிடுகிறார்கள். 2020 டிசம்பர் 10-ல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டதிலிருந்து கூட்டம் கூடியிருக்கிறது, ரீல்ஸும் கூடியிருக்கிறது. ஆனால், கல்வெட்டை முழுதாகப் படித்தால் பானைக்குள் யாருடைய பெயர் போகவில்லை என்பதும் தெரியும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்று, பிறருக்குக் கற்பிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் சாஸ்திரப் படிப்பு இருந்தால் மட்டும் நிலம் அரைக்கால் வேலியாகக் குறையும். இது பிரம்மதேய ஊரின் சபை. வயலில் உழுதவர், ஏரியில் மண் சுமந்தவர், பானையை வனைந்த குயவர், எந்த வீட்டுப் பெண்ணும் இதில் கிடையாது. முறை கச்சிதம், உள்ளே போட்ட பட்டியல் குறுகியது. டேட்டா சரியில்லாமல் அல்காரிதம் மட்டும் நன்றாக இருந்து என்ன பயன் என்பது மென்பொருள் துறையில் தினமும் அடிபடும் வாதம்தான்.

இன்று உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்குப் பாதி என்று தமிழ்நாடு 2016-ல் சட்டம் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது, அந்தக் கல்வெட்டு அனுமதிக்காத வீடுகளிலிருந்தெல்லாம் வேட்பாளர்கள் வந்தார்கள்.

இனி கேட்ஜெட் விஷயம். கல்வெட்டின் முன் நின்று போனை நீட்டினால் மொழிபெயர்ப்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்தாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தின் வடிவம் வேறு. நடுவே சமஸ்கிருதச் சொற்களுக்குக் கிரந்தம் வரும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதருக்கே பயிற்சி வேண்டிய வேலை.

கணினிப் பக்கம் கதவு திறந்துகொண்டுதான் வருகிறது. கிரந்த எழுத்து 2014-ல் யூனிகோடில் இடம்பெற்றது. கால், அரைக்கால் போன்ற பின்னங்களுக்கும் பழைய அளவுக் குறிகளுக்கும் 2019-ல் தனி இடம் கிடைத்தது. கால் வேலி நிலத்தின் 'கால்' இனி போனில் ஓர் எழுத்துக் குறியீடு. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-ல் உத்தரவிட்டது. படித்து, பதிவேற்றி, தேடும்படி ஆக்க வேண்டியது மலையளவு. வார இறுதியில் சொந்தமாக ஏதாவது புராஜெக்ட் செய்யத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலை எது?

படம் எடுப்பவர்களுக்குச் சில யோசனைகள். நேர் வெயிலில் எழுத்து தட்டையாகத் தெரியும். காலையோ மாலையோ, வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழும்பும். நிழல் பகுதியில் ஒரு சின்ன டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் போதும். முப்பரிமாண மாடல் செய்ய ஆசையென்றால், போனின் லைடார் இவ்வளவு நுண்ணிய வெட்டைப் பிடிக்காது. ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நிறையப் படங்கள் எடுத்து போட்டோகிராமெட்ரி மென்பொருளில் கொடுங்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. சாக்பீஸ் தடவி எழுத்தைத் தெரியவைக்கும் புத்திசாலித்தனமும் கூடவே கூடாது, கல் பாழாகும்.

திரும்பும்போது நேரம் இருந்தால் திருமுக்கூடல் வழியாக வாருங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகளோடு இயங்கிய மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியருக்கும் அறுவை செய்பவருக்கும் பணிப்பெண்களுக்கும் என்ன சம்பளம், என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆற்றங்கரையில் சிக்னல் எப்படி இருக்குமோ, லேப்டாப்பைத் திறக்க வேண்டிய வேலை இருந்தால் உத்திரமேரூர் கடைத்தெருவிலேயே ஒரு டீயோடு முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.